நூறு வரை சொல்லும் குழந்தைக்கு ஆறு தெரியுமா?

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பல வீடுகளில் நடக்கிற காட்சி இது. காபி வருவதற்கு முன்பே குழந்தையை ஹாலுக்கு அழைத்துவிடுவார்கள். "பாப்பா, மாமாவுக்கு ஒன் டூ த்ரீ சொல்லிக் காட்டு." எல்.கே.ஜி. படிக்கிற பாப்பா கையைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் ஐம்பது வரை சொல்லும். கூச்சமில்லாத பிள்ளை என்றால் நூறு வரைகூடப் போகும். மாமா கைதட்டுவார். அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

அதே பாப்பாவிடம், "கண்ணு, டப்பாவிலிருந்து ஆறு பிஸ்கட் எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பார்த்தால் கதை வேறு. இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வரும். அதில் ஒன்பது இருக்கலாம், நான்கும் இருக்கலாம். "இது ஆறா?" என்று கேட்டால், "ஆமா" என்று உறுதியாகத் தலையாட்டும்.

பாப்பா ஏமாற்றவில்லை. ஆறு என்பது அதற்கு ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் வருகிற ஒரு சொல், அவ்வளவுதான். பாட்டில் வரும் ஒரு வரியைப் போல. 'ஆறு என்றால் இத்தனை' என்கிற அளவு இன்னும் மனதில் உட்காரவில்லை. சொல்லுக்கும் அளவுக்கும் நடுவே இருக்கிற இந்த இடைவெளியைக் கடக்கும்போதுதான் குழந்தைக்கு எண் உணர்வு வருகிறது. எண்ணைக் கேட்டதும் அதன் அளவு மனதில் தெரிவது, எது பெரிது எது சிறிது என்று சட்டெனப் புரிவது, எட்டை ஐந்தும் மூன்றுமாகப் பிரித்துப் பார்க்க முடிவது எல்லாம் அதில் அடங்கும்.

இந்த இடைவெளி மூன்று வயதில் இயல்பானது. ஏழெட்டு வயதிலும் அடைபடாமல் இருந்தால்தான் சிக்கல். நாடு முழுவதும் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் கற்றலைச் சோதிக்கும் 'அசர்' ஆய்வின் 2024 அறிக்கைப்படி, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரால்தான் 'கடன் வாங்கி'க் கழிக்கும் இரண்டு இலக்கக் கணக்கைச் செய்ய முடிந்தது. மற்றவர்கள் எல்லாம் ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்காதவர்களா? பெரும்பாலோர் ஒப்பித்தவர்கள்தான்.

அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆறு ஆய்வுகளை ஒப்பிட்ட ஒரு கட்டுரை 2007-ல் வெளியானது. பள்ளியில் சேரும்போது இருக்கும் எளிய எண்ணறிவுதான் பின்னாளில் குழந்தை எப்படிப் படிக்கும் என்பதை மற்ற எதையும்விட நன்றாகக் காட்டுகிறது என்று அது சொன்னது. அதனால் எல்.கே.ஜி. வயதில் இதைக் கவனிப்பது வீண் வேலை அல்ல. ஆனால், எதைக் கவனிக்க வேண்டும் என்பதில்தான் பெரியவர்கள் தவறிவிடுகிறார்கள்.

எண்ணுவது அத்தனை சுலபமா?

பெரியவர்களுக்கு எண்ணுவது ஒரே வேலையாகத் தெரியும். குழந்தைக்கு அது ஐந்து வேலை. ரோச்செல் கெல்மன், கேலிஸ்டல் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1978-ல் எழுதிய புத்தகத்தில் இதைப் பிரித்துக் காட்டினார்கள்.

எண்களின் வரிசை எப்போதும் மாறாமல் இருக்க வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண்தான். விடவும் கூடாது, இரண்டு முறை தொடவும் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். வாழைப்பழம், செருப்பு, கைதட்டல் என எதை வேண்டுமானாலும் எண்ணலாம். இடமிருந்து எண்ணினாலும் வலமிருந்து எண்ணினாலும் எண்ணிக்கை மாறாது.

மூன்றாவது விஷயத்தில்தான் குழந்தைகள் அதிக நாள் நிற்கிறார்கள். ஐந்து ஒரு ரூபாய் நாணயங்களை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னால், மூன்று வயதுப் பிள்ளை விரல் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று சரியாக எண்ணிவிடும். உடனே, "அப்போ எத்தனை காசு இருக்கு?" என்று கேட்டால், மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். மூன்றாவது தடவை கேட்டால் மூன்றாவது தடவையும் எண்ணும். "இப்பத்தானே எண்ணினே!" என்று கோபப்படுவதில் பயனில்லை. 'எத்தனை' என்ற கேள்வியை 'எண்ணு' என்ற கட்டளையாகவே குழந்தை புரிந்துகொண்டிருக்கிறது. கடைசியில் சொன்ன 'ஐந்து' அந்தக் கடைசிக் காசின் பெயர் என்றுகூட அது நினைத்திருக்கலாம்.

இந்தப் புரிதல் ஒரே நாளில் வராது. முதலில் 'ஒன்று' என்பதன் அளவு பிடிபடும். சில மாதங்கள் கழித்து இரண்டு, அதற்குப் பிறகு மூன்று. பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றரை, நான்கு வயதையொட்டி ஒரு கட்டத்தில் சூட்சுமம் பிடிபட்டுவிடும். அதன் பிறகு ஆறு கேட்டால் ஆறு வரும். சில குழந்தைகளுக்கு இது தாமதமாகும்; அதில் பயப்பட ஒன்றுமில்லை.

அவசரப்படுத்தாமல் உதவ ஒரு சின்ன வழி உண்டு. எண்ணி முடித்ததும் மொத்தத்தைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு வாழைப்பழம் இருக்கு." கையை அந்த நான்கு பழங்களையும் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. நாலு என்பது கடைசிப் பழத்தின் பெயர் அல்ல, மொத்தக் கூட்டத்தின் அளவு என்று குழந்தைக்கு மெல்லப் புரியும்.

எண்ணாமலே தெரியும் மூன்று

குழந்தை வெறும் சிலேட்டாகப் பிறப்பதில்லை. ஐந்து மாதக் கைக்குழந்தைக்கு முன்னால் ஒரு பொம்மையைத் திரையால் மறைத்து, பிறகு இன்னொன்றைத் திரைக்குப் பின்னால் வைப்பதைக் காட்டினார் கேரன் வின் என்ற ஆய்வாளர். திரையை விலக்கும்போது இரண்டுக்குப் பதில் ஒரே ஒரு பொம்மை இருந்தால், குழந்தை வழக்கத்தைவிட அதிக நேரம் உற்றுப் பார்த்தது. 1992-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு இது. பேசத் தெரியாத பிள்ளைக்கும் 'ஏதோ குறைகிறது' என்று பட்டிருக்கிறது.

அதேபோல, இரண்டு மூன்று பொருள்கள் இருந்தால் எண்ணாமலே பார்த்ததும் எத்தனை என்று சொல்லும் திறமை எல்லோருக்கும் இருக்கிறது. தாயக்கட்டையை உருட்டியதும் யாரும் புள்ளிகளை விரல் வைத்து எண்ணுவதில்லையே!

இதை வளர்க்க ஒரு விளையாட்டு போதும். மூன்று புளியங்கொட்டைகளைத் தட்டில் வைத்து ஒரு கிண்ணத்தால் மூட வேண்டும். கிண்ணத்தை ஒரு நொடி தூக்கிக் காட்டிவிட்டு மூடி, "எத்தனை பார்த்தே?" என்று கேட்கலாம். இரண்டு, மூன்று பழகியதும் நான்கு, ஐந்துக்குப் போகலாம். ஐந்து வந்ததும் குழந்தை தானாகவே, "இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் ரெண்டு" என்று சொல்ல ஆரம்பிக்கும். கூட்டல் பிறப்பது அங்கேதான். கூட்டல் குறி எதுவும் தேவைப்படவில்லை, பாருங்கள்.

நான்கைந்து வயதுக் குழந்தைகளிடம் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆறு காசுகளை ஒரு வரிசையாகவும், அதற்கு நேர் கீழே இன்னொரு ஆறு காசுகளை இரண்டாவது வரிசையாகவும் வைத்தால், இரண்டும் சமம் என்று சொல்லும். கீழ் வரிசையை மட்டும் கொஞ்சம் அகலமாகப் பரப்பிவிட்டுக் கேட்டால், "கீழேதான் நிறைய" என்று சொல்லும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே இதைப் பல குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார். நீளத்தையும் எண்ணிக்கையையும் குழந்தை இன்னும் பிரிக்கவில்லை என்பதுதான் விஷயம். இதைச் சொல்லிப் புரியவைக்க முயல்வதைவிட, காசுகளைக் குழந்தையே பரப்பி, மறுபடி கூட்டி, தானே எண்ணிப் பார்க்க விடுவது நல்லது.

தமிழ் எண்கள் தரும் வசதி

நம் மொழியிலேயே ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. பதினொன்று என்ற சொல்லுக்குள் பத்தும் ஒன்றும் கேட்கிறது. இருபத்து மூன்றில் 'இரு பத்து, மூன்று' என்று பிரித்தே சொல்லியாகிவிட்டது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்ற சொற்களில் பத்து காதில் விழுவதில்லை. தேர்ட்டீன், ஃபோர்ட்டீனில் மூன்றும் நான்கும் முதலில் வந்து, பத்து பின்னால் வருகிறது. தேர்ட்டீனும் தேர்ட்டியும் ஒன்றுபோல ஒலித்து எத்தனையோ பிள்ளைகளைக் குழப்புகின்றன.

ஆகவே, ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் குழந்தையிடமும் வீட்டில் தமிழில் எண்ணுவதை விட்டுவிடக் கூடாது. "தேர்ட்டீன்னா பதிமூணு. பத்தும் மூணும்" என்று ஒரு முறை சேர்த்துச் சொன்னால் இரண்டு மொழியும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.

தமிழிலும் ஓரிடத்தில் வழுக்கும். எண்பத்தொன்பதுக்கு அடுத்து 'எண்பத்திப் பத்து' என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் குழந்தை யோசித்துத்தான் சொல்லியிருக்கிறது. தொண்ணூறு என்று திருத்தினால் அதில் 'நூறு' கேட்கிறது. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' கேட்கிறது. இந்த இரண்டு இடத்திலும் கொஞ்சம் நின்று, ஒன்பது பத்துகளை அடுக்கிக் காட்டி, "இதுக்குத்தான் தொண்ணூறுன்னு பேரு. நூறுக்கு இன்னும் ஒரு பத்து வேணும்" என்று சொல்லிவிட்டால் போதும்.

எழுதும்போது இன்னொரு குழப்பம் வரும். இருபத்தைந்து எழுதச் சொன்னால் 205 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். காதில் கேட்டபடி இருபதையும் எழுதி, பக்கத்தில் ஐந்தையும் எழுதிவிட்டது. இதற்கு ஓர் எளிய மருந்து உண்டு. 20 என்று எழுதிய ஓர் அட்டை, 5 என்று எழுதிய அதில் பாதி அகலமுள்ள இன்னோர் அட்டை. இருபதின் பூஜ்ஜியத்துக்கு மேல் ஐந்தை வைத்து மூடினால் 25. எடுத்தால் உள்ளே இருபது அப்படியே இருக்கிறது. பழைய காலண்டர் அட்டையில் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம்.

அடுப்படியே முதல் வகுப்பறை

கணக்குக்காகத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும் என்றில்லை. நடக்கிற வேலையில் குழந்தைக்கு ஒரு பங்கு கொடுத்தால் போதும்.

"எத்தனை பேர் சாப்பிடப் போறோம், தங்கம்?"

"அப்பா, நீ, நான், பாட்டி."

"சரி, எல்லாருக்கும் தட்டு எடுத்துட்டு வா."

குழந்தை மூன்று தட்டுகளை எடுத்து வருகிறது. 'நாலு தட்டுன்னா நாலு எடுக்கத் தெரியாதா?' என்று கேட்கத் தோன்றும். கேட்காமல், "எல்லாருக்கும் வெச்சுப் பாரு" என்று சொன்னால் அதுவே வைத்துப் பார்க்கும். பாட்டிக்குத் தட்டு இல்லை. "இன்னும் ஒண்ணு வேணும்மா!" என்று ஓடும். நான்கு என்பது மூன்றைவிட ஒன்று அதிகம் என்பதை அந்தக் குழந்தை அன்றைக்குக் காலாலேயே கற்றுக்கொண்டது. பாட்டியின் தட்டு அதற்கு மறக்காது.

இட்லித் தட்டு இன்னொரு நல்ல பாடப்புத்தகம். ஒரு தட்டில் நான்கு குழி. இரண்டு தட்டு வைத்தால் எத்தனை இட்லி? முதலில் குழந்தை ஒவ்வொரு குழியாக எண்ணும். சில வாரங்களில் "நாலும் நாலும் எட்டு" என்று சொல்லும். பெருக்கல் வாய்ப்பாடு ஒருநாள் பள்ளியில் வரும்போது அதற்கு முன்பே ஒரு முகம் இருக்கும். முப்பது முட்டை அடுக்கும் அட்டையும் அப்படியே: ஒரு வரிசைக்கு ஆறு, ஐந்து வரிசை. நேற்று எத்தனை இருந்தது, இன்று எத்தனை குழி காலி என்று பார்த்தால் கழித்தல்.

கோலம் போடும் வீடுகளுக்குக் கூடுதல் வசதி. ஐந்து புள்ளி, ஐந்து வரிசை நேர்ப்புள்ளிக் கோலத்தில் புள்ளி வைக்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுக்கலாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால், ஏழில் தொடங்கி நான்கில் முடியும் ஊடுபுள்ளி. நடுவில் ஏழு, இரண்டு பக்கமும் ஆறு, ஐந்து, நான்கு. ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று குறைவதைக் கை உணரும். மொத்தம் எத்தனை புள்ளி என்று ஊகித்துவிட்டுப் பிறகு எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். விடை 37.

ஊகிப்பது முக்கியம். "இந்தக் கிண்ணத்துல எத்தனை நெல்லிக்காய் இருக்கும்? பத்துக்கு மேலேயா, கீழேயா?" என்று கேட்டு, பிறகு எண்ணிப் பார்ப்பது எண் உணர்வுக்கு நல்ல பயிற்சி. ஊகம் தவறினால் யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை. அம்மாவும் ஊகித்து, அம்மாவும் தவறினால் குழந்தைக்குக் கொண்டாட்டம்.

ஒரு எச்சரிக்கை. மாடிப்படி ஏறும்போதும் கேள்வி, சாப்பிடும்போதும் கேள்வி என்று நாள் முழுவதையும் தேர்வாக்கிவிடக் கூடாது. கேட்பது உண்மையான தேவைக்காக இருக்கட்டும். விடை நமக்கே தெரிந்த கேள்வியைவிட, குழந்தையின் விடையால் ஒரு வேலை நடக்கிற கேள்விதான் அதற்குப் பிடிக்கும்.

பாட்டியின் பெட்டியில் இருப்பவை

பரணில் பல்லாங்குழிப் பலகை இருந்தால் இறக்கிவிடலாம். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து சோழியோ புளியங்கொட்டையோ. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதுதான் ஆட்டம். ஒரு குழிக்கு ஒரு காய் என்பதில் ஒன்றுக்கு ஒன்று என்ற பாடம் இருக்கிறது. குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று சொல்லி எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதற்காகக் குழந்தையின் கண் நான்கை எண்ணாமலே பிடிக்கப் பழகிவிடும். 'இந்தக் குழியை எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும்?' என்று முன்கூட்டியே பார்க்கத் தொடங்கிவிட்டால், அது மனக்கணக்கு.

பரமபதத்திலும், பாம்பு ஏணிக் கட்டத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரு ஆய்வாளர்கள், ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு ஒன்று முதல் பத்து வரை நேர் வரிசையாக எழுதிய ஒரு சாதாரணக் கட்ட விளையாட்டைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கால் மணி, இருபது நிமிடம் எனச் சில முறைதான் விளையாட வைத்தார்கள். எது பெரிய எண், எந்த எண் எங்கே வரும் என்பதில் குழந்தைகள் நன்றாக முன்னேறினார்கள். 2008-ல் வந்த ஆய்வு இது. எண்களுக்குப் பதில் நிறங்கள் இருந்த கட்டத்தில் விளையாடிய குழந்தைகளிடம் இந்த முன்னேற்றம் வரவில்லை.

பின்னர் வந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. 24-ஆம் கட்டத்தில் நிற்கும் காயை மூன்று கட்டம் நகர்த்தும்போது, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்வதைவிட, "இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு" என்று கட்டத்தில் எழுதிய எண்ணையே சொல்லி நகர்த்தினால்தான் பலன் அதிகம். விளையாட்டு அதேதான். வாயில் வரும் எண் மட்டும் மாறுகிறது. தாத்தாவும் பேத்தியும் இன்றைக்கே தொடங்கிவிடலாம்.

மொபைல் செயலிகள் கெட்டவை என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் திரையைத் தொட்டால் 'சூப்பர்' என்று சத்தம் வரும், அவ்வளவுதான். "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று அது கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்கிற ஆள் வேண்டும்.

பள்ளியில் என்ன நடக்க வேண்டும்?

தமிழ்நாடு அரசு 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்காக 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. கொரோனா காலத்தில் விடுபட்டுப்போன கற்றலை ஈடுகட்டி, எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். மத்திய அரசின் 'நிபுண் பாரத்' இயக்கம் அதற்கு முந்தைய ஆண்டில் இதே குறிக்கோளுடன் வந்தது. எண்ணும் எழுத்தும் வகுப்பறையில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். எந்த வகுப்பில் படிக்கிறது என்பதைவிட, குழந்தை எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்து அங்கிருந்து கைபிடித்து அழைத்துப் போவதுதான் இதன் சாரம். வீட்டிலும் இதே அணுகுமுறை வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் பல குழந்தைகள் முட்டிக்கொள்ளும் இடம் கழித்தல். 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதி வரும். 'கவனமே இல்லை' என்று குட்டு விழும். ஆனால் அந்த விடையில் ஒரு யோசனை இருக்கிறது. 2-லிருந்து 7 போகாது. ஆகவே 7-லிருந்து 2-ஐக் கழித்து 5. நான்கில் ஒன்று போக மூன்று. பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொடுத்ததை அது அப்படியே நம்பியிருக்கிறது.

'கடன் வாங்கு' என்ற சொல்லும் குழப்பத்தைக் கூட்டுகிறது. "கடன் வாங்கினா எப்போ திருப்பித் தரணும்?" என்று ஒரு குழந்தை கேட்டால் அதற்கு என்ன பதில்? ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வராது. நான்கு கட்டும் இரண்டு உதிரியும் 42. ஏழு குச்சி கொடு என்றால் உதிரியில் இரண்டுதான் இருக்கிறது. என்ன செய்வது? ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. அதில் ஏழு போக ஐந்து, மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு. விடை 25. இதில் கடனும் இல்லை, மந்திரமும் இல்லை.

பத்து ரூபாய்த் தாளையும் ஒரு ரூபாய்க் காசுகளையும் வைத்துச் செய்யலாம்தான். ஆனால் தாளுக்குள் பத்துக் காசு இருப்பது கண்ணுக்குத் தெரியாது, நம்பத்தான் வேண்டும். குச்சிக் கட்டை அவிழ்த்தால் பத்தும் கையில் இருக்கும். அதனால் முதலில் குச்சி, பிறகு காசு, அதற்கும் பிறகு நோட்டுப் புத்தகம்.

ஆசிரியர்கள் தினமும் ஐந்து நிமிடம் ஒரே ஒரு கணக்கை எடுத்து, விடையைவிட வழியைக் கேட்டால் பெரிய மாற்றம் வரும். எட்டும் ஐந்தும் எத்தனை? ஒரு குழந்தை எட்டிலிருந்து ஒன்பது, பத்து என்று விரல் மடக்கிப் பதின்மூன்றுக்கு வரும். இன்னொன்று ஐந்திலிருந்து இரண்டை எட்டுக்குக் கொடுத்துப் பத்தாக்கி, மிச்சம் மூன்றைச் சேர்க்கும். மூன்றாவது பிள்ளை, "ஐந்தும் ஐந்தும் பத்து, எட்டுல மிச்சம் மூணு" என்று சொல்லும். மூன்று வழியும் கரும்பலகையில் ஏறும்போது, கணக்குக்கு ஒரே வழிதான் என்ற பயம் வகுப்பிலிருந்து இறங்கிவிடும்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்களும் மதிப்பெண்ணோடு நிறுத்திவிட வேண்டாம். "எங்க புள்ளை எதுவரைக்கும் புரிஞ்சு செய்யுது? எந்த இடத்துல நிக்குது?" என்று கேட்டால், ஆசிரியருக்கும் அந்தக் குழந்தையைத் தனியாக யோசிக்க ஒரு வாய்ப்பு.

விரலைத் தட்டிவிட வேண்டாம்

விரல்விட்டு எண்ணினால் மூளை மழுங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்து, ஆறு வயதில் விரல்தான் குழந்தைக்குக் கிடைத்த முதல் மணிச்சட்டம். கைக்கு ஐந்து, இரு கைக்குப் பத்து என்று இயற்கையே அடுக்கிக் கொடுத்திருக்கிறது. எண்கள் மனதில் பழகப் பழக விரல் தானாக மடங்கிவிடும். கட்டாயப்படுத்தி நிறுத்தினால் மேசைக்கு அடியில் ஒளித்துவைத்து எண்ணும். கூடவே வெட்கமும் சேரும்.

வெட்கத்தைவிடவும் பெரிய தடை பயம். அது பெரும்பாலும் வீட்டிலேயே தொற்றுகிறது. "எனக்கும் சின்ன வயசுலேருந்து கணக்கே வராது, அதான் இவளுக்கும் வரலை" என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாத குடும்பங்கள் குறைவு. கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால், குழந்தை அந்த ஆண்டு குறைவாகவே கற்கிறது, அதன் பயமும் கூடுகிறது என்று 2015-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. உதவ வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். பயத்தோடு நோட்டுப் புத்தகத்தின் முன்னால் உட்காருவதைவிட, பயமில்லாமல் பல்லாங்குழியின் முன்னால் உட்காரலாம்.

எல்லாம் செய்தும் ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு மூன்று, நான்கு பொருள்களைக்கூட ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டியிருந்தால், ஏழு பெரிதா ஒன்பது பெரிதா என்பதில் தொடர்ந்து தடுமாறினால், ஒரு குழந்தைகள் நல மருத்துவரையோ சிறப்புக் கல்வியாளரையோ பார்ப்பது நல்லது. டிஸ்கால்குலியா என்று ஒரு கற்றல் குறைபாடு உண்டு. அது சோம்பேறித்தனமும் அல்ல, மந்தபுத்தியும் அல்ல. சீக்கிரம் தெரிந்தால் அதற்கேற்றபடி சொல்லித்தர முடியும்.

அடுத்த முறை விருந்தாளி வரும்போது பாப்பாவை ஹாலுக்கு அழைத்து ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். அடுப்படிக்கு அழைத்து, "மாமா, அத்தை, ரெண்டு அக்கா வந்திருக்காங்க. நம்ம வீட்டுல நாம மூணு பேர். எத்தனை டம்ளர் எடுக்கணும்?" என்று கேட்கலாம். ஒரு டம்ளர் குறைந்து ஒருவருக்குக் காபி கிடைக்காமல் போனால், பாப்பாவே பார்த்துவிட்டு இன்னொன்று எடுக்க ஓடும். கைதட்ட வேண்டிய இடம் அதுதான்.